9,412 வருகையா, 640 வருகையா?

கேள்வி:
எங்கள் இணையதளத்துக்கு எத்தனை வருகை என்று அறிய, அப்பாச்சி என்ற இணைய வழங்கியின் பதிவுக் கோப்பை மைஎஸ்கியூஎல் தரவுத்தள அட்டவணையில் ஏற்றி நாள்வாரியாக எண்ணுகிறேன். எல்லா வரிகளையும் எண்ணினால் 9,412. ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்) ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் எண்ணினால் 640. அறிக்கையில் எதைக் கொடுப்பது? இரண்டு இரவுகளாக இதே கவலை.

மறுமொழி:
முதலாவது எண் ஆட்கள் அல்ல, கோரிக்கைகள். ஒரு பக்கம் திறந்தாலே படம், ஸ்கிரிப்ட் என்று தனித்தனி வரி விழும். அவற்றை வடிகட்டுங்கள்.

மறுமொழி:
ஐபியையும் அப்படியே நம்பாதீர்கள். ஓர் அலுவலகமே ஒரே முகவரியில் வரும். கைப்பேசிக்கோ முகவரி மாறிக்கொண்டே இருக்கும். நான் ஐபியோடு பிரௌசர் விவரத்தையும் சேர்த்து, 30 நிமிட இடைவெளி விழுந்தால் புதிய வருகை என்று, முந்தைய வரியின் மதிப்பை எடுத்துத் தரும் 'லேக்' சார்பால் பிரிக்கிறேன். மைஎஸ்கியூஎல் 8.0 முதல் அது இருக்கிறது.

கேட்டவர்:
செய்தேன். தளத்தைத் தானாகப் படிக்கும் தேடுபொறி ரோபோக்களையும் நீக்கியபின் 212. மேலாளரிடம் நாளை இதைத்தான் கொடுக்கிறேன்.