மூன்று மொழிக் கையேடு, இணையம் இல்லாத கொம்பியூட்டர்: ஸ்பிங்ஸா, எம்கே-டொக்ஸா?

உவர்மலையான்:
வணக்கம். மீன் கொள்வனவுக் கணக்கு மென்பொருள் ஒன்றுக்குக் கையேடு எழுத வேணும். சேர்வர் பகுதி பைதன். தராசில் இருந்து நிறையைப் படிக்கும் சிறு பகுதி சி பிளஸ் பிளஸ். திருகோணமலைப் பக்கம் கொட்பே, மூதூர், கிண்ணியாவில் பாவிக்கப் போகிறார்கள். பல இடத்தில் இணையம் இல்லை, பென்ட்ரைவில் கொண்டுபோய்த்தான் போட வேணும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேணும், தேடல் கட்டாயம் வேலை செய்ய வேணும். எழுதுகிறவர்கள் இரண்டு பேருக்கும் மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் முறை) தெரியும். கையேட்டுப் பக்கங்களை ஆக்கித் தரும் கருவிகளான ஸ்பிங்ஸ், எம்கே-டொக்ஸ் இரண்டில் எதை எடுக்கலாம்?

நிலாவெளிக்காற்று:
மொழிபெயர்ப்பைப் பார்த்தால் ஸ்பிங்ஸ்தான். கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில் ஒவ்வொரு பந்தியையும் பிஓ கோப்பில் (மூலமும் மொழிபெயர்ப்பும் சோடியாக இருக்கும் கோப்பு) தனித்தனியாகப் பிரித்துத் தரும். ஆங்கில மூலத்தில் ஒரு வசனம் மாறினால், பிஓ கோப்பைப் புதுப்பிக்கும்போது அதன் தமிழ் வரி 'ஃபசி' (சரிபார்க்க வேண்டியது) என்று குறிக்கப்படும். அதைத் திருத்தும்வரை அந்த இடத்தில் ஆங்கிலமே தெரியும். பழைய தமிழ் பிழையான வழி காட்டுவதைவிட அது நல்லது. மிஸ்ட் நீட்சியைச் சேர்த்தால் மார்க்டவுனிலேயே எழுதலாம்.

ஒன்று கவனம்: கோட்டில் இருந்து விளக்கப் பக்கம் எடுக்கும் ஸ்பிங்ஸின் ஓட்டோடொக் நீட்சி, பைதன் கோட்டை உண்மையாகவே இம்போர்ட் பண்ணித்தான் வாசிக்கும். தராசு லைப்ரரி இல்லாத மெஷினில் பில்ட் போட்டால் (பக்கங்களை ஆக்கினால்) அந்த மொடியூலின் பக்கம் வெறுமையாக வரும், பில்ட் என்னவோ எச்சரிக்கையோடு முடிந்துவிடும். மொக் இம்போர்ட்ஸ் பட்டியலில் (இல்லாத லைப்ரரியை இருப்பதுபோல் காட்டும் அமைப்பு) அந்த லைப்ரரியின் பெயரைப் போட்டுவிடுங்கள்.

குறுமுனி:
மேலே சொன்னது சரி, ஆனால் தேடலில் ஸ்பிங்ஸ் காலை வாரும். சொற்களைப் பிரிக்க அது பைதனில் சொல்லெழுத்தைக் குறிக்கும் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ' பட்டர்னைப் பாவிக்கிறது. அந்தப் பட்டர்ன் தமிழ் மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாக எடுக்காது. 'கப்பல்' என்ற சொல் 'கப', 'பல' என்று இரண்டாக உடைந்து அட்டவணைக்குள் போகும். 'மீன்' வெறும் 'ம', 'ன' ஆகிவிடும். பிறகு மீனைத் தேடினால் 'மான்', 'மூன்று' உள்ள பக்கமெல்லாம் வரும். மீன் கணக்கு மென்பொருளுக்கு இது போதும் சிரிப்பதற்கு!

எம்கே-டொக்ஸுக்கான மெற்றீரியல் என்ற தீம் இடைவெளியிலும் ஹைஃபனிலும்தான் சொல்லைப் பிரிக்கும், ஆகவே தமிழ்ச் சொல் முழுதாக இருக்கும். ஆனால் தேடல் மொழி ஆங்கிலமாக மட்டும் இருந்தால் 'டிரிம்மர்' என்ற கட்டம் ஆங்கிலம் அல்லாத எழுத்தை எல்லாம் சொல்லின் இரண்டு பக்கத்தாலும் வெட்டும், தமிழ்ச் சொல்லில் மிஞ்ச ஒன்றும் இராது. மொழிப் பட்டியலில் தமிழைச் சேருங்கள். சிங்களம் அந்தப் பட்டியலில் இல்லை, அதற்குப் பைப்லைனில் (தேடல் சொற்களைப் பதப்படுத்தும் கட்டங்களின் வரிசை) இருந்து டிரிம்மரையே எடுத்துவிடுங்கள்.

பென்ட்ரைவுக்கு: சும்மா பில்ட் பண்ணிக் கொடுத்தால் பக்கம் திறக்கும், தேடல் பெட்டி வேலை செய்யாது. டிஸ்க்கில் இருந்து நேரே திறந்த பக்கம் தேடல் கோப்பை இழுக்க பிரவுசர் விடாது. 'ஆஃப்லைன்' பிளகின் போட்டால் தீரும். (ஸ்பிங்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் அட்டவணை ஸ்கிரிப்டாக ஏறும்.)

இன்னொன்று. 2025 நவம்பரில் மெற்றீரியலைப் பராமரிப்பு நிலைக்கு (புதிய வசதி சேர்க்காமல் பிழை மட்டும் திருத்தும் நிலை) மாற்றி, ஜென்சிக்கல் என்ற புதிய கருவியை அறிவித்திருக்கிறார்கள். பதிப்பு எண்ணை ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் (தேவையான பொதிகளின் பட்டியல்) பூட்டி வையுங்கள்.

உவர்மலையான்:
நன்றி. சி பிளஸ் பிளஸ் பகுதிக்கும் பிடிஎஃப் பிரதிக்கும் என்ன செய்வது?

குறுமுனி:
சி பிளஸ் பிளஸுக்கு டொக்சிஜன் (கோட்டில் இருந்து விளக்கம் ஆக்கும் கருவி), புரோகிராமர்களுக்குத் தனியாக. மீன் வாங்கும் இடத்தில் தராசு போடுகிறவருக்கு கோட்டின் கிளாஸ் பட்டியல் எதற்கு? பைதன் பகுதிக்கு எம்கேடொக்-ஸ்ட்ரிங்ஸ் என்ற பிளகின். அது கோட்டை ஓட்டாமல் வாசிக்கும், இம்போர்ட் பிரச்சினை வராது.

பிடிஎஃபுக்கு பிரிண்ட்-சைட் பிளகின் எல்லாப் பக்கத்தையும் ஒன்றாக்கும், பிறகு குரோமில் பிரிண்ட் கொடுங்கள்.

நிலாவெளிக்காற்று:
ஸ்பிங்ஸில் பிடிஎஃப் எடுத்தால் சீலாடெக் எஞ்சின் (பிடிஎஃப் ஆக்கும் நிரல்) வேணும், வழக்கமான பிடிஎஃப்லாடெக் தமிழை ஏற்காது. எழுத்துருவோடு 'ஸ்கிரிப்ட் தமிழ்' என்றும் கொடுக்க வேணும், இல்லாவிட்டால் 'கெ' எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோட் பெட்டிக்குள் தமிழ்க் கொமென்ட் இருந்தால் லோக் கோப்பில் (பில்ட் பதிவு) 'மிஸ்ஸிங் கரெக்டர்' என்று தேடிப் பாருங்கள். மொனோ எழுத்துருவில் (கோட்டுக்கான சம அகல எழுத்துரு) தமிழ் இல்லாவிட்டால் அந்த எழுத்துகள் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

தேடல் விஷயத்தில் குறுமுனி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். மெற்றீரியலை எடுத்தால் மொழிக்கு ஒரு கோப்பு வைக்கும் ஐ-எய்ட்டீன்-என் (பன்மொழி) பிளகின் போடுங்கள். ஆனால் ஆங்கிலம் மாறியதை அது சொல்லாது. ஆங்கிலக் கோப்பைத் தொடுகிற ஒவ்வொரு கமிட்டிலும் (மாற்றத்தைப் பதியும்போது) தமிழ், சிங்களக் கோப்பும் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை கிட் ஹூக்கில் (கமிட்டின்போது தானாக ஓடும் இடம்) மாட்டிவிடுங்கள்.