நோட்டீஸ் ஆஃப் கான்ஸ்டிடியூஷனல் குவெஸ்சன்: தமிழில் என்ன போடலாம்?

மொழிபெயர்ப்பு ஆசிரியை:
வணக்கம். வியாழக்கிழமை வகுப்புக்கு அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 5.1ஐத் தமிழாக்குகிறேன். ஒரு மாநிலச் சட்டம் அரசமைப்புக்கு முரண் என்று மனுவில் வாதிடுபவர், வழக்கில் அந்த மாநிலமோ அதன் அதிகாரியோ தரப்பாக இல்லாவிட்டால், இந்த நோட்டீஸைத் தாக்கல் செய்து அம்மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுக்கும் அனுப்ப வேண்டும். 'அரசமைப்பு முன்னறிவிப்பு' சரிதானா?

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:
'முன்' வேண்டாம் டீச்சர். இந்தியாவில் அரசுமீது வழக்குப் போடுமுன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுப்பார்களே, அதுதான் முன்னறிவிப்பு. இது வழக்கு நடக்கும்போதே போவது. கொடுக்கத் தவறினாலும், உரிய நேரத்தில் எழுப்பிய வாதம் பறிபோகாது. மாநிலம் உள்ளே வந்து தன் சட்டத்தைக் காக்கப் பொதுவாக 60 நாள். அதற்குள் நீதிமன்றம் வாதத்தைத் தள்ளிவிடலாம். சட்டம் செல்லாது என்று இறுதித் தீர்ப்புத்தான் எழுத முடியாது. இந்தியாவில் இதற்கு நெருக்கமானது அதே சட்டத்தின் கட்டளை 27-அ.

தமிழாசிரியர்:
'அரசமைப்பு' என்பதைவிட 'யாப்பு' என்றால் இன்னும் சுருக்கம். யா என்றால் கட்டு. நாட்டைக் கட்டுவது யாப்பு. அப்புறம், குவெஸ்சன் வினாவா ஐயமா? நன்னூல் வினா ஆறு என்கிறது. வழக்கறிஞர் விடை தெரிந்தே கேட்கிறார், ஆகவே அறிவினா. நீதிபதிக்கோ அது ஐயவினா. தீர்ப்பவர் அவர்தானே? ஆகவே 'யாப்பைய அறிவிக்கை'.

இளம் வழக்கறிஞர்:
ஐயா, 'யாப்பையம்' என்றால் வெண்பாவில் தளை தட்டுகிறது என்றுதான் என் அம்மா நினைப்பார். 'அரசமைப்புக் கேள்வி நோட்டீஸ்' போதும். நம் சிங்கப்பூர்த் தேக்காவில் யாருக்கும் புரியும்.

தமிழாசிரியர்:
தேக்காவில் நோட்டீஸ் என்றால் கையில் திணிக்கும் தள்ளுபடித் தாள், தம்பி.

செய்தி மொழிபெயர்ப்பாளர்:
எனக்கு 'ஸ்டேட்'தான் கவலை. 2014இல் சபோர்டினேட் கோர்ட்ஸ், ஸ்டேட் கோர்ட்ஸ் ஆனபோது நாம் 'அரசு நீதிமன்றங்கள்' என்றோம். பிள்ளைகள் இந்த மாநிலச் சட்டத்தையும் 'அரசுச் சட்டம்' என்றே எழுதுவார்கள். மாநிலமே இல்லாத ஊரில் வளர்ந்தவர்கள். நமக்குத் தலைமைச் சட்ட அதிகாரியும் ஒருவரே. அங்கே மாநிலத்துக்கு ஒருவர், மத்தியில் ஒருவர். கூட்டாட்சிச் சட்டத்தை எதிர்த்தால் நோட்டீஸ் மத்தியில் இருப்பவருக்குப் போகும். இதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள் அக்கா.

மொழிபெயர்ப்பு ஆசிரியை:
சொல்கிறேன். நாளை காலை அச்சுக்குப் போக வேண்டும். 'அரசமைப்பு வினா அறிவிப்பு' என்று போட்டுவிடுகிறேன். பெரும்பாலோர் இதற்குத்தான் தலையாட்டுவீர்கள் போலிருக்கிறது.

இளம் வழக்கறிஞர்:
சரி, விடுங்க.

தமிழாசிரியர்:
வினாவை அறிவிப்பதா, வினாவால் அறிவிப்பதா? இந்தத் தொகைச்சொல் இரண்டு பக்கமும் இழுக்கிறது. 'யாப்பைய'த்தில் இந்தத் தொல்லை இல்லை.