பிரேசிலியன் எம்பிராய்டரி பூ: உங்களுக்கு எங்கே சிக்கியது?

12 வருஷமாக புல்லியன் ரோஜா போடுகிறேன், ஊசியில் நூலைச் சுற்றி இழுத்துச் சுருளாக்கும் தையல். பிளவுஸ், தலையணை உறை, அக்கா பேத்தியின் கவுன், எல்லாமே பருத்தி நூலில்தான். போன வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்த நாத்தனார் எட்மார் கம்பெனியின் ரேயான் நூல், பட்டுபோல் பளபளப்பது, நாலு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். ஒரே இழையில் கருஞ்சிவப்பு மெல்ல வெளுத்து ரோஸ் ஆகி, திரும்பவும் அடர்கிறது. நிறம் மாற்ற நூலை வெட்டவே வேண்டாம். அன்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் இதழே வரவில்லை. வழக்கம்போல் ஊசியில் சுற்றி இழுத்தால் சுருள் தளர்ந்து, நூல் புரிபுரியாகப் பிரிந்து நின்றது. அஞ்சு தடவை பிரித்தேன். நூல்தான் பழசோ என்று மனசு விட்டுப்போனது.

மறுநாள் வெளிச்சத்தில் இரண்டு நூலையும் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தேன். பருத்தி நூலில் புரி இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சாய்கிறது. ரேயானில் அப்படியே எதிர்ப்பக்கம். முறுக்கே வேறு! நான் பழகிய திசையில் சுற்றச் சுற்ற அது அவிழ்ந்திருக்கிறது. எதிர்த்திசையில் சுற்றினேன், சுருள் அரிசிப்புழு மாதிரி நெருக்கமாக, வழவழவென்று உருண்டு வந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து இதை முதலில் பாருங்கள். புல்லியன் எல்லாம் பிரேசிலுக்குப் போவதற்கு முன்பே இருந்த தையல்தான். அங்கே ரேயான் நூலில் செய்ததால் வந்த பெயர்தான் பிரேசிலியன் எம்பிராய்டரி, அதனால் நூலின் குணம் தெரியாமல் கை வைக்கக் கூடாது.

அப்புறம் ரோஜாவுக்குக் காஸ்ட் ஆன் இதழ். ஊசிமேல் விரலால் ஒவ்வொரு கண்ணியாக ஏற்றினேன், 18 கண்ணி. நூல் மேலே வந்த இடத்துக்கும் கீழே இறங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு நெல் அளவுதான் விட்டேன். அவ்வளவு கண்ணிக்குத் துணியில் படுக்க இடமில்லை, அதனால் இதழ் வளைந்து எழுந்து நிற்கிறது. முதல் இதழ் நிமிர்ந்ததும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

*

அக்கா, எனக்குச் சிக்கியது ஊசியில். சாதாரண ஊசிக்குக் காதுப்பக்கம் புடைப்பு இருக்கும், கண்ணிகள் அங்கே வந்து மாட்டிக்கொள்ளும். இழுத்து இழுத்து நூல்தான் பிய்ந்தது. மில்லினர் ஊசிக்குக் காதும் உடம்பும் ஒரே பருமன், நீளமும் அதிகம். மாற்றியதும் சரியாகிவிட்டது.

சாமந்திக்கு நான் டிரிஸில் (drizzle) தையல் போடுகிறேன். நூல் மேலே வந்ததும் ஊசியைக் கழற்றிவிட்டு, பக்கத்திலேயே பாதி குத்தி நிறுத்தி, கண்ணி ஏற்றி, திரும்ப நூலைக் கோர்த்துக் கீழே இழுக்க வேண்டும். அடி மட்டும்தான் துணியில், நுனி காற்றில் ஆடும். ஊசி சாய்ந்துகொண்டே இருந்ததால் துணிக்கு அடியில் ஊசி குத்தும் பஞ்சுப்பையை வைத்தேன், நேராக நின்றது. நடுவில் 8 கண்ணி, வெளியே போகப்போக 14 வரை ஏற்றினால் பூ குவிந்து வருகிறது.

*

நான் பட்டது துவைக்கும்போது. ரேயான் நனைந்தால் பலம் குறைந்துவிடும், அது தெரியாமல் முறுக்கிப் பிழிந்துவிட்டேன். மூன்று மாசம் உட்கார்ந்து போட்ட டேபிள் விரிப்பில் இரண்டு இதழ் அறுந்துபோனது. அழுகை வந்துவிட்டது. இப்போது குளிர்ந்த தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி எடுக்கிறேன். இஸ்திரி என்றால் தடிமனான டர்க்கி டவல்மேல் பூப்பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, பின்பக்கம் லேசாக. பூ டவலுக்குள் புதைந்துகொள்வதால் நசுங்குவதில்லை.

அக்கா, அந்த ரோஜாவுக்கு உள்சுற்று இதழுக்கு எத்தனை கண்ணி போட்டீர்கள்?

*

10தான் மா. மூன்று இதழ், ஒன்றின் தோளில் ஒன்று ஏறுகிற மாதிரி. அதற்கு வெளியேதான் 18.