இன்குபேட்டர்ல (கோழி இல்லாம சூடு குடுத்து குஞ்சு பொரிக்கற பெட்டி) முட்டை வச்ச அனுபவம், பெங்களூர் ஆளுங்க சொல்லுங்க

கே.ஆர்.புரம்:
போன டிசம்பர்ல அம்மா தருமபுரிலேர்ந்து வரப்ப பன்னெண்டு நாட்டுக்கோழி முட்டைய உமில புதைச்சு தூக்குவாளில எடுத்துட்டு வந்தாங்க. பேரனுக்கு அவிச்சுக் குடுக்கத்தான் கொண்டாந்தது, எனக்குத்தான் கை சும்மா இருக்கல. மீன் கடைல தெர்மாகோல் பெட்டி, எஸ்.பி. ரோட்ல சூட்ட ஒரே அளவுல வைக்கற தெர்மோஸ்டாட், ஒரு 40 வாட் குண்டு பல்பு, அவ்ளோதான் செட்டப், ஃபேன் எதுக்குன்னு விட்டுட்டேன். பஸ்ல குலுங்கின முட்டைய ஒரு நாள் கூர்முனை கீழ இருக்கற மாதிரி ஆடாம வைக்கணும்னாங்க, அதை மட்டும் ஒழுங்கா பண்ணேன்.

37.5 டிகிரி செட் பண்ணிட்டு சென்சார கொண்டுபோய் மூடில பல்பு பக்கத்துல ஒட்டிட்டேன் பாருங்க, அங்கதான் சொதப்பல். மேல 37.5 காட்டறப்ப கீழ முட்டை கிடக்கற எடத்துல 36 கூட இல்ல, அதுவும் பத்து நாள் கழிச்சு காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டர வச்சப்பதான் தெரிஞ்சது. அப்புறம் சென்சார முட்டை மட்டத்துக்கு இறக்கி பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ண மாட்டினேன்.

21 நாள் முடிஞ்சும் சத்தமே இல்ல. "கூமுட்டைடா, தூக்கிப் போடு"ன்னாங்க அம்மா. 23ஆம் நாள் காலைல ஒரு முட்டைல மிளகு சைஸ்ல ஓட்டை, உள்ளேர்ந்து கீச்சுனு சத்தம். மத்தியானம் ஒண்ணு வெளிய வந்துச்சு, நனைஞ்ச பஞ்சு மாதிரி. பையன் பாக்கணும்னான், திறந்தேன், வீட்டு ஓனரம்மா வந்தாங்க, திறந்தேன், இப்படியே நாலஞ்சு தடவ. ஒவ்வொரு தடவையும் உள்ள இருந்த ஆவியெல்லாம் போயிடுச்சு. நைட்டு பாத்தா, காலைல ஓட்டை போட்ட இன்னொரு முட்டைல உள்சவ்வு காஞ்ச வெங்காயத்தோல் மாதிரி பழுப்பா குஞ்சோட ஒட்டிக் கிடக்குது. பாவமா இருக்கேன்னு நகத்தால லேசா உரிச்சேன், நூல் மாதிரி ரத்தம். அங்கயே கைய எடுத்துட்டேன், ஆனா காலைல அது உயிரோட இல்ல, மஞ்சக்கரு வயித்துக்குள்ள முழுசா போகாம வெளிய தொங்கிட்டு இருந்துச்சு. ஓட்டை போட்டப்புறம் வெளிய வர ஒரு நாள் கூட ஆகும், அந்த நேரத்துலதான் ரத்தமும் மஞ்சக்கருவும் உள்ள இழுத்துக்கும்னு அப்புறம்தான் படிச்சேன். 18ஆம் நாளோட முட்டைய திருப்பித் திருப்பி வைக்கறத நிறுத்திட்டு, தண்ணிய ஊத்தி ஈரப்பதத்த 65, 70 சதவீதத்துக்கு ஏத்திட்டு, மூடிய திறக்கறதயே மறந்துடணும். பன்னெண்டுல அஞ்சு பொழச்சது.

விவேக்நகர்:
அண்ணா நீங்க சூடு கம்மியாகி தப்பிச்சீங்க, ஏறியிருந்தா ஒண்ணு கூட மிஞ்சியிருக்காது. எனக்கு 12ஆம் நாள் நைட்டு மழைல கரண்ட் போச்சு, நாலு மணி நேரம் வரவேயில்ல. யுபிஎஸ் அரை மணில கைய விரிச்சுடுச்சு. பாட்டில்ல சுடுதண்ணி புடிச்சு துணி சுத்தி முட்டைக்கு ரெண்டு பக்கமும் வச்சு, பெட்டிய கம்பளில மூடிட்டு மாமியாரும் நானும் முழிச்சிருந்தோம். அவங்க ஒரு பழைய சாவி, ரெண்டு காஞ்ச மிளகா, ஒரு கரித்துண்டு கொண்டாந்து பெட்டி மேல வச்சாங்க, ஊர்ல அடைக்கூடைல போடுவாங்களாம், இடிச்சத்தத்துக்கு முட்டை கெடாம இருக்க. சிரிச்சேன், ஆனா எடுக்கல 😅 கோழி கூட இரை தேட தினம் கொஞ்ச நேரம் எந்திரிச்சு போகுதுல்ல, ஆறினா உடனே செத்துடாது. மறுநாள் டார்ச் அடிச்சுப் பாத்தா ரத்தநாளம் செலந்தி வலை மாதிரி செவப்பா இருந்துச்சு, உள்ள கருப்பா ஏதோ துள்ளுச்சு. பத்துல ஏழு பொரிச்சது, ஒரு நாள் லேட்.

அல்சூர்:
என் கதைய கேட்டா காறித் துப்புவீங்க. நான் வச்சது சூப்பர்மார்க்கெட் முட்டை. ஆமா, டஜன் பாக்கெட். பண்ணைல முட்டைக்கோழிங்களோட சேவலே விடறதில்ல, அதுல கரு எங்கேர்ந்து வரும்? தினம் மூணு வேளை திருப்பினேன் சார், ஆபீஸ் மீட்டிங்ல இருந்து எந்திரிச்சுப் போயி. 16ஆம் நாள் ஒண்ணு பெட்டிக்குள்ளயே வெடிச்சு, அந்த நாத்தம் ஒரு வாரம் போகல, இப்பவும் அப்பா ஆம்லெட் தட்டு நீட்டறப்பெல்லாம் "பாத்துடா குஞ்சு இருக்கப்போகுது"ம்பாரு. ரெண்டாவது தடவ தெரிஞ்சவர் தோட்டத்துலேர்ந்து கிரிராஜா முட்டை, நம்ம ஹெப்பாள் வெட்னரி காலேஜ்ல உருவாக்கின ஜாதிதான். 7ஆம் நாளே டார்ச் அடிச்சு கரு இல்லாதத எடுத்துட்டேன், மூணு போச்சு, மிச்ச ஆறும் பொரிச்சது.

கே.ஆர்.புரம்:
ஆறா! நம்ம அஞ்சுல நாலு சேவல். காலைல நாலரைக்கு ஒண்ணு ஆரம்பிச்சா மத்ததும் சேந்துக்குது. குஞ்ச பாக்க ஆசையா வந்த அதே ஓனரம்மா இப்ப படியேறி வந்து கன்னடத்துல கேக்கறாங்க, எப்ப அடிச்சு கொழம்பு வைக்கப் போறீங்கன்னு. பையன் நாலுக்கும் பேர் வச்சுட்டான், நான் என்னத்த சொல்ல. தருமபுரிக்கு யாராச்சும் கார்ல போறீங்களா இந்த வாரம்?