சாப்பாட்டோடு குடும்ப ஜெபம்: பிள்ளைகளுக்குப் பயனா, பாரமா?

நாசரேத்து அப்பா:
எங்கள் ஊரில் குடும்ப ஜெபம் என்றால் ராத்திரி பாய் விரித்து, பாமாலையிலிருந்து ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், அப்புறம் தாத்தாவின் ஜெபம். அவர் சொந்தபந்தம் அத்தனை பேரையும் பெயர் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் முழங்காலிலேயே தூங்கியிருப்போம். சென்னையில் அது நடக்கவில்லை. நான் வீடு வந்து சேரவே எட்டரை ஆகிறது. மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. போன வருஷம் லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், சாப்பாட்டோடு சேர்த்துவிட்டோம். தட்டு வைத்ததும் சின்ன ஜெபம், சாப்பிடச் சாப்பிட மாற்கு சுவிசேஷத்திலிருந்து நாலைந்து வசனம், பேச்சு, கடைசியில் ஒரு பாட்டு. மாற்கு பதினாறே அதிகாரம், கதை ஓடிக்கொண்டே இருக்கும், பிள்ளைகளுக்கு அலுக்காது. எல்லா வீட்டிலும் செய்யலாம் என்பது என் எண்ணம்.

பனங்காட்டு நரி:
அண்ணே, வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். எங்கள் வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில்தான். மீன்குழம்பு முன்னால் ஆறிக்கொண்டிருக்கும், கை வைக்கக் கூடாது. அதைக்கூட விடுங்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, கணக்கில் 38 மார்க் வாங்கின இந்தப் பிள்ளைக்குக் கீழ்ப்படிதலைத் தாரும்" என்பார். என் மார்க் ஆண்டவருக்குத் தெரியாதா? தங்கச்சி காதில் விழவேண்டும், அதற்குத்தான் அந்த ஜெபம். நேரடியாகத் திட்டினால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலாம். ஜெபத்துக்கு ஆமென்தானே சொல்ல முடியும்? இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் யாராவது கண்ணை மூடினால் எனக்கு வயிறு இறுகும்.

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்:
தம்பி, அது மேசையின் கோளாறு இல்லை, அப்பாவின் கோளாறு. எபேசியர் 6:4 பிள்ளைகளைக் கோபப்படுத்தாதேயுங்கள் என்று தகப்பன்மாரைப் பார்த்துத்தான் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் எடுக்கும் வேத வகுப்புக்குக் கிடைப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். வருகைப் பதிவு, காணிக்கை, பாட்டு என்று அதிலும் பாதி போய்விடும். வீட்டில் வேதத்தைப் பற்றிப் பேச்சே கேட்காத பிள்ளை, விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) பரிசுக்காகப் பத்து வசனம் ஒப்பிக்கும், அடுத்த வாரம் கேட்டால் முழிக்கும். உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசு என்கிறதே தவிர, ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பிவிடு என்று சொல்லவில்லை.

பனங்காட்டு நரி:
டீச்சர், அந்த வசனம் என் பக்கம்தான். "பேசு" என்கிறது. எங்கள் வீட்டில் ஒருத்தர் பேசினார், நாலு பேர் கேட்டோம். வழியில் நடக்கும்போது என்றால் பிள்ளைக்குப் பிடித்தால் கூடவே வரும், பிடிக்காவிட்டால் கல்லை உதைத்துக்கொண்டு முன்னால் ஓடும். மேசையில் பசி அதைக் கட்டிப்போட்டிருக்கிறது.

தரங்கம்பாடி லுத்தரன்:
1529இல் வந்த மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் என்கிற கேள்வி-பதில் போதனை நூலிலேயே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஜெபம் உண்டு. வீட்டுத் தகப்பன் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது. சங்கீதம் 145:15, 16, கர்த்தருடைய ஜெபம், ஒரு சின்ன ஜெபம், அவ்வளவுதான். ரசம் ஆறாது. சாப்பாட்டுக்கு நன்றி சொன்னால் போதும், பாடத்தை வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முத்துநகர் அக்கா:
நாங்கள் கத்தோலிக்கர். சாப்பாட்டோடு கலந்ததே இல்லை. ஏழரைக்குச் செபமாலை, முடிந்ததும் சோறு. ஆளுக்குச் செபமாலையில் பத்து மணி, மணிக்கு ஒரு செபம், பிள்ளைகளும் முன்சொல்வார்கள். கடைக்குட்டி எண்ணிக்கை தவறிப் பன்னிரண்டு சொல்லும், யாரும் திருத்தமாட்டோம்.

நாசரேத்து அப்பா:
நரி, பசி கட்டிப்போடும் என்றீர்களே, அதனால்தான் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறோம். யாத்திராகமம் 12:26 பாருங்கள். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா ஆராதனையின் அர்த்தம் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்றிருக்கிறது. யூத வீடுகளில் பஸ்கா இரவில் இன்றும் வழக்கமாகக் கடைக்குட்டிதான் கேள்வி கேட்டுத் தொடங்கிவைக்கிறது. எங்கள் வீட்டிலும் முதல் கேள்வி பிள்ளைகளுடையது. போன வாரம் மாற்கு 5, பிசாசுகள் புகுந்த பன்றிக் கூட்டம் கடலில் பாய்கிற இடம். மகன் வாயில் தோசையோடு, "ரெண்டாயிரம் பன்னியும் செத்துப்போச்சா? பன்னிக்காரருக்கு யாரு காசு குடுத்தா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

பனங்காட்டு நரி:
அது நல்லாயிருக்கு. எங்கள் அப்பா தெரியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனால் இன்னொன்று சொல்லுங்கள். பையனுக்குப் பதிமூன்று வயதாகி, "இன்னைக்கு ஜெபத்துக்கு நான் வரல" என்றால் அவன் சோறு என்னாகும்?

நாசரேத்து அப்பா:
சோறு கிடைக்கும். அதில் பேரம் இல்லை. (பின்னாலிருந்து இதைப் படித்துவிட்டு என் மனைவி, "நல்லா எழுதி வைங்க, அப்போ எடுத்துக் காட்டுறேன்" என்கிறாள்.)

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்:
உங்கள் வீட்டில் ஜெபிப்பது யார்? எப்போதும் நீங்கள்தானா?

நாசரேத்து அப்பா:
டீச்சர் கேட்டதிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று ராத்திரி மகளை ஜெபிக்கச் சொன்னோம். சோற்றுக்கும் அவரைக்காய்ப் பொரியலுக்கும் ஸ்தோத்திரம் சொன்னாள். அப்புறம், "ஆண்டவரே, அப்பா சாப்பிடும்போது போன் பார்க்காம இருக்க உதவி செய்யும்" என்றாள். ஆமென் சொன்னேன், வேறு வழி?

பனங்காட்டு நரி:
வயிறு இறுகினதா, அண்ணே?

நாசரேத்து அப்பா:
கொஞ்சம்.