பைபிளை இலக்கியமாக மற்ற மறைநூல்களோடு ஒப்பிடுவது எப்படி?

எழுத்தாணி (கேள்வி):

பைபிள் உலக இலக்கியத்தின் சிகரம் என்கிறது ஒரு தரப்பு. குர்ஆனின் நடைக்கு இணையே இல்லை என்கிறது இன்னொரு தரப்பு. வேதத்தையும் கீதையையும் முன்வைப்பவர்களும் இதே தொனியில்தான் பேசுகிறார்கள். நம்பிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, கதை, கவிதை, நடை என்று மட்டும் பார்த்தால் பைபிள் எங்கே நிற்கிறது?

குழப்பம் எங்கே என்றால், ஆதியாகமம் நன்றாகவே போகிறது. யாத்திராகமம் 25ஐத் தாண்டினால் ஆசரிப்புக் கூடாரத்தின் (வழிபாட்டுக் கூடாரம்) முழக் கணக்கு, பலகை, கொக்கி. லேவியராகமம் முழுக்கப் பலி விதிகள். எண்ணாகமத்தில் தலைக்கணக்கு. இதையும் சேர்த்துத்தான் இலக்கியம் என்கிறார்களா? எந்தப் பகுதியை எதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்? அத்தியாயம், வசன எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும். மத விவாதம் வேண்டாம்.

மூலபாடம் (பதில்):

ஒரே அட்டைக்குள் கட்டிய நூலகம் அது. புராட்டஸ்டண்ட் பதிப்பில் 66 புத்தகங்கள், கத்தோலிக்கப் பதிப்பில் 73. சட்டம், போர்ப்பாட்டு, அரண்மனைக் கதை, பழமொழி, ஒப்பாரி, கடிதம் எல்லாம் உள்ளே கிடக்கின்றன. கீதையோ 18 அத்தியாயம், 700 சுலோகம், ஒரே உரையாடல். குர்ஆனின் 114 அத்தியாயங்களும் ஏறத்தாழ 23 ஆண்டுகளில் ஒருவர் வாய்வழியே வெளிப்பட்டவை. ஆகவே முழு நூலை முழு நூலோடு நிறுத்தினால் எதுவும் தேறாது. வகைக்கு வகை வையுங்கள்.

தொடங்க மிகத் தோதான இடம், அண்ணன்மாரின் பொறாமையால் எகிப்தில் அடிமையான யோசேப்பின் கதை. இரண்டு நூலிலும் அதே கதை இருப்பதால் சொல்முறை மட்டும் தனியே தெரியும். ஆதியாகமம் 37, பிறகு 39 முதல் 50 வரை ஒரு பக்கம். குர்ஆனின் 12ஆம் அத்தியாயம், 111 வசனங்கள், மறுபக்கம். தகப்பனுக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் முதலில் கவனியுங்கள். ஆதியாகமத்தில் இரத்தம் தோய்ந்த அங்கியைப் பார்த்த யாக்கோபு அப்படியே ஏமாந்துபோகிறான். நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளி 45ஆம் அத்தியாயக் கடைசி வரை நீள்கிறது. குர்ஆனின் யஃகூப் 18ஆம் வசனத்திலேயே மகன்களின் கதையை நம்ப மறுத்துவிடுகிறார். அழகிய பொறுமையே தன் வழி என்கிறார். உண்மை எப்போது வெளிப்படும் என்ற பரபரப்பு அங்கே குறைவு. தெரிந்துகொண்டே காத்திருப்பவரின் துயரம்தான் கதையை இழுத்துச் செல்கிறது.

இரண்டாவது, கடவுள் எங்கே நிற்கிறார் என்பது. ஆதியாகமம் 37இல் கடவுளைப் பற்றிய பேச்சே கிடையாது. நடந்ததற்கெல்லாம் பொருள் சொல்வது 45:5-8இல் யோசேப்பின் வாய்தான். குர்ஆனில் ஒவ்வொரு திருப்பத்திலும் இறைவனின் குரல் கூடவே வருகிறது. கட்டமைப்பு அங்கேதான் இறுக்கம் என்பேன். சட்டை என்ற ஒரே பொருள் மூன்று முறை வருகிறது. 18இல் பொய் இரத்தம் பூசிய சாட்சி, 25 முதல் 28 வரை எஜமானி சாட்டிய பழி பொய் என்று காட்டும், பின்புறம் கிழிந்த மெய்ச்சாட்சி, 93 முதல் 96 வரை தகப்பனின் கண்பார்வையைத் திருப்பும் மருந்து. 4ஆம் வசனத்தில் கண்ட கனவு 100இல் பலித்து வட்டம் மூடுகிறது.

ஆதியாகமம் ஜெயிக்கும் இடம் யூதா. தம்பியை விற்கலாம் என்று 37:26-27இல் யோசனை சொன்னவன் அவன்தான். 44:18-34இல் இன்னொரு தம்பிக்குப் பதிலாகத் தன்னையே அடிமையாக வைத்துக்கொள்ளச் சொல்லி வாதாடுகிறான். இடையில் 38ஆம் அத்தியாயம் சம்பந்தமில்லாமல் குறுக்கே வந்ததுபோல் தோன்றும். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டினால் யூதாவின் மாற்றம் காரணமில்லாமல் தொங்கும். பிள்ளைகளைப் பறிகொடுப்பதும், தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் அவனுக்கு அங்கேதான் நேர்கின்றன. ஒரு மனிதன் ஆண்டுக்கணக்கில் மெல்ல வேறு ஆளாவதைக் காட்டுவதில் எபிரேய உரைநடைக்கு மறைநூல்களுள் போட்டி குறைவு. இதிகாசத்தையும் சேர்த்துக்கொண்டால் மகாபாரதம் வரும்.

அடுத்து 2 சாமுவேல் 11, 12: தாவீது ராஜா தன் வீரன் உரியாவின் மனைவி பத்சேபாளைச் சேர்ந்து, அவனைப் போரில் சாகவைக்கும் கதை. இரண்டையும் நிறுத்தாமல் படிக்க வேண்டும். அத்தியாயப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, வசன எண்கள் 16ஆம் நூற்றாண்டில். கதையின் மூச்சு அந்த எண்களுக்குக் கட்டுப்படாது. 11ஆம் அத்தியாயத்தில் தாவீதின் மனநிலையைச் சொல்லும் சொற்களை அடிக்கோடிட்டுப் பாருங்கள், பென்சிலுக்கு வேலையே இருக்காது. பார்த்தான், விசாரித்தான், ஆள் அனுப்பினான், அவ்வளவுதான். பத்சேபாள் தான் கர்ப்பவதி என்று சொல்லியனுப்புவதோடு சரி, அந்த அத்தியாயத்தில் அவள் பேச்சு வேறில்லை. உரியாவுக்கு விஷயம் தெரியுமா? இரண்டு இரவும் வீட்டுக்குப் போகாமல் அரண்மனை வாசலில் படுத்தது போர்வீரனின் நேர்மையா, ராஜாவுக்குக் கொடுத்த பதிலடியா? கதைசொல்லி வாய் திறப்பதில்லை. தன் மரண ஓலையைத் தானே சுமந்துபோகிறான், அதற்கும் ஒரு பெருமூச்சு கிடையாது. தீர்ப்பு 11ஆம் அத்தியாயத்தின் கடைசி வரியில் மட்டும் விழுகிறது. பிறகு நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் ஆட்டுக்குட்டிக் கதை சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்கிறான். இப்படிப் பேசாமல் விடும் கலையை இலக்கிய விமர்சகர் எரிக் ஔவர்பாக் 1946இல் ஆதியாகமம் 22ஐ (ஆபிரகாம் மகனைப் பலியிடப் போகும் கதை) ஹோமரின் பக்கத்தில் வைத்து விளக்கியிருக்கிறார். ஹோமர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைக்கிறார், எபிரேயக் கதை முக்கியமானதை இருட்டில் விடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

யாப்பு:

கதை விஷயத்தில் மறுப்பில்லை. ஓசைக்கு வந்தால் பைபிள் முன்வரிசையில் இருக்காது. ரிக் வேதத்தின் 1028 சூக்தங்களும் அசைக்கணக்கில் நிற்பவை. காயத்ரி 3 அடி, அடிக்கு 8 அசை. திரிஷ்டுப் 4 அடி, அடிக்கு 11. எபிரேயக் கவிதையில் இப்படி ஒரு கறாரான கணக்கை இன்னும் யாராலும் ஐயமின்றி நிறுவ முடியவில்லை. அதைத் தாங்குவது இணைவரி. "வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது, ஆகாயவிரிவு அவருடைய கரங்களின் கிரியையை அறிவிக்கிறது" என்ற 19ஆம் சங்கீதத் தொடக்கம் போதும். முதல் பாதி சொன்னதை இரண்டாம் பாதி திருப்பிச் சொல்லும், கூர்மையாக்கும், சில நேரம் எதிர்க்கும். ஆங்கில அறிஞர் ராபர்ட் லௌத் 1753இல் இதை விரிவாக விளக்கினார். பல அச்சுப் பதிப்புகளில் சங்கீதமும் யோபும் உரைநடைபோல் ஓடுவதால் இது கண்ணில் படுவதில்லை. ஒரு சங்கீதத்தை எடுத்து, வசனத்துக்கு இரண்டு வரியாக உடைத்து எழுதிப் பாருங்கள், எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

பல்லவிக்குப் பல்லவி வைக்க, 136ஆம் சங்கீதமும் குர்ஆனின் 55ஆம் அத்தியாயமும். சங்கீதத்தில் 26 வசனம், 26 முறை "அவர் கிருபை என்றுமுள்ளது". ஒருவர் பாட, கூட்டம் பதில் சொல்லும் அமைப்பு. அர்ரஹ்மான் அத்தியாயத்தில் 78 வசனங்களுக்குள் 31 முறை ஒரே கேள்வி திரும்புகிறது: உங்கள் இறைவனின் அருட்கொடைகளில் எதைப் பொய்யாக்குவீர்கள்? 13இல் தொடங்கும்போது இரண்டு மூன்று வசனத்துக்கு ஒருமுறை வருவது, 46க்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக நெருங்குகிறது. 64ஆம் வசனம் அரபியில் ஒற்றைச் சொல். வசன ஈற்று இயைபு பெரும்பாலும் ஒரே ஒலியில் விழுகிறது. சங்கீதத்தின் பல்லவி பதில், குர்ஆனின் பல்லவி கேள்வி. ஓதக் கேட்காமல் இதை எடைபோடுவது வீண் வேலை. ஆனால் எல்லாம் ஓசைதான் என்றும் நினைத்துவிடக் கூடாது. 11ஆம் நூற்றாண்டில் அரபு இலக்கண அறிஞர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி, குர்ஆனின் அழகு தனிச்சொல்லில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட முறையில் இருக்கிறது என்று விரிவாக வாதாடினார். இலக்கண நுட்பமே அழகியலாகும் வாதம் அது.

படிக்கும் வரிசையில் ஒரு எச்சரிக்கை. குர்ஆன் பெரும்பாலும் நீண்டதிலிருந்து குறுகியதாக அடுக்கப்பட்டது. முதலிலிருந்து போனால் 286 வசனங்கள் கொண்ட 2ஆம் அத்தியாயம் உடனே எதிர்ப்படும், உங்களுக்கு லேவியராகமத்தில் நேர்ந்ததே அங்கேயும் நேரும். கடைசியிலுள்ள சிறு அத்தியாயங்களில் தொடங்குங்கள்.

எனக்கு மிகப் பிடித்த ஜோடி யோபு 38-41, கீதை 11. கலங்கிப்போன மனிதன், அவனுக்குத் தெய்வம் தரும் பதில். கீதையில் பதில் காட்சி, கிருஷ்ணனின் விசுவரூபம். 15ஆம் சுலோகத்தில் அர்ஜுனன் கண்டதைச் சொல்லத் தொடங்கும்போது எட்டசை அடி பதினோரசை அடியாக மாறுகிறது. நடுக்கம் யாப்பிலேயே ஏறிவிடுகிறது. யோபுவின் கடவுளோ தம் உருவத்தைக் காட்டுவதே இல்லை. பெருங்காற்றிலிருந்து கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய்? வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா? தீக்குருவி (நெருப்புக்கோழி), குதிரை, கழுகு, கடைசியில் லிவியாதான் என்ற கடல் பூதம். மனிதனை மையமாகக் கொள்ளாத உலகம் அவன்முன் விரிகிறது. ஏன் துன்பம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. முதல் இரண்டு அத்தியாயங்களில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் இடையே அவனை வைத்து நடந்த பந்தயம் யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படுவதும் இல்லை. அர்ஜுனன் தெளிந்து வில்லெடுக்கிறான், யோபு அடங்கிப்போகிறான், எதை ஒப்புக்கொண்டு அடங்கினான் என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. என் வாக்கு யோபுவுக்கு.

இடைச்செருகல்:

இருவரும் பொறுக்கியெடுத்த மணிகளையே காட்டுகிறீர்கள். தையல் தெரியும் இடங்களையும் சொல்ல வேண்டாமா? ஆதியாகமத்தில் நோவாவின் வெள்ளக் கதையைப் பாருங்கள். 6:19இல் எல்லாவற்றிலும் ஒரு ஜோடி, 7:2இல் சுத்தமான மிருகங்களில் ஏழு ஏழு. ஒரு கணக்கில் 40 நாள், இன்னொன்றில் 150 நாள். இரண்டு மரபுகளைப் பின்னியதில் வந்த பிசிறு என்பதே பெரும்பான்மை ஆய்வாளர்கள் முடிவு. யோபுவும் மூன்று நண்பர்களும் சுற்றுச் சுற்றாக வாதாடுவதில் மூன்றாம் சுற்று குலைந்து கிடக்கிறது. பில்தாத் 25ஆம் அத்தியாயத்தில் 6 வசனத்தோடு நின்றுவிடுகிறான், சோப்பார் வாயே திறப்பதில்லை. 32 முதல் 37 வரை பேசும் எலிகூவைப் பலர் பிற்சேர்க்கை என்கிறார்கள். அவன் பேசியதற்கு யாருமே பதில் சொல்லவில்லை என்பது சந்தேகத்தைக் கூட்டுகிறது.

ஆனாலும் சில தையல்கள் லாபம். நியாயாதிபதிகள் 4ஐயும் 5ஐயும் அடுத்தடுத்துப் படியுங்கள், வேறு நூலே தேவையில்லை. அதே போர், முதலில் உரைநடை, பிறகு பாட்டு. பாட்டு பைபிளின் மிகப் பழைய பகுதிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. உரைநடையில் எதிரிப் படைத்தலைவன் சிசெரா களைத்துத் தூங்குகிறான், அவனுக்கு இடம் கொடுத்த யாகேல் என்ற பெண் மெல்ல வந்து கூடார ஆணியை அடிக்கிறாள். பாட்டில் தூக்கத்தைப் பற்றிப் பேச்சில்லை. அவள் காலடியில் அவன் விழுவதை 27ஆம் வசனம் திரும்பத் திரும்ப அடித்துச் சொல்கிறது. உடனே காட்சி தாவி, ஜன்னலோரம் நின்று தேர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கும் சிசெராவின் தாயிடம் போகிறது. கொள்ளையைப் பங்கிடத் தாமதமாகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். எதிரியின் தாய்மீது இரக்கமா, கேலியா? இரண்டும்தான் என்று படுகிறது.

கூடாரத்தின் முழக் கணக்கைப் பற்றி: அது இலக்கியம் என்று யாரும் சாதிக்க வேண்டியதில்லை. வேதத்தைச் சேர்ந்த பிராமணம் என்ற நூல்களின் யாகக் குறிப்புகளையும் யாரும் கவிதைக்காகப் படிப்பதில்லை. தாண்டிப் போகலாம்.

எழுத்தாணி:

நன்றி. பைபிளின் காதல் பாட்டான உன்னதப்பாட்டைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. யார் பேசுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. அதை எதோடு வைப்பது?

யாப்பு:

மாணிக்கவாசகரின் திருக்கோவையாரோடு வையுங்கள். உன்னதப்பாட்டு 8 அத்தியாயமும் கூற்றுகளாகவே ஓடுகிறது. ஆனால் யார் கூற்று என்ற குறிப்பு மூலத்தில் கிடையாது. அகப்பாடல் படித்த கைக்கு இது பழகிய வேலை. பென்சிலால் ஓரத்தில் தலைவி, தலைவன், தோழியர் என்று குறித்துக்கொண்டே போங்கள். எருசலேமின் குமாரத்திகள் ஏறத்தாழத் தோழியர் இடத்தில் நிற்கிறார்கள். 2:7, 3:5, 8:4 மூன்றிலும் ஒரே ஆணைப்பாட்டு வருகிறது. அங்கெல்லாம் ஒரு பாடல் முடிகிறது என்று கோடு போடலாம். 5:2 முதல் 8 வரை இரவுக்குறி (இரவுச் சந்திப்பு) தவறிய தலைவியின் கூற்று என்றே துறை வகுத்துவிடலாம், காவலர் அவளை அடிப்பது உட்பட. 5:10-16 அவள் அவனைத் தலையிலிருந்து கீழ்நோக்கி வருணிக்கிறாள். 7:1-5 பாதத்தில் தொடங்கிக் கூந்தலில் முடியும் பாதாதிகேசம்.

சில வரிகளில் கூற்று யாருடையது என்று உரைகாரர்களே பிரிந்து நிற்பார்கள். 1:4, 8:5 இரண்டும் அப்படிப்பட்டவை. அங்கே கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

பெரிய வேறுபாடு தெய்வம் இருக்கும் இடம். கோவையின் 400 பாட்டிலும் சிவன் பாட்டுடைத் தலைவனாக உள்ளேயே இருக்கிறான். காதலும் பக்தியும் கட்டளைக் கலித்துறையின் நாலடிக்குள் சேர்ந்தே நெய்யப்பட்டவை. உன்னதப்பாட்டில் கடவுளை வெளிப்படையாகச் சொல்லும் இடம் கிட்டத்தட்ட இல்லை. விவாதத்துக்குரியது 8:6இல் ஒரு இடம் மட்டும். கடவுளும் இஸ்ரவேலும், கிறிஸ்துவும் சபையும் என்ற பொருளெல்லாம் உரை மரபு வெளியிலிருந்து ஏற்றியது. 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்ட் என்ற துறவி 86 பிரசங்கம் செய்தும் 3ஆம் அத்தியாயத் தொடக்கத்தைத் தாண்டவில்லை என்றால், எவ்வளவு ஏற்ற முடிந்திருக்கிறது என்று பாருங்கள். முதல் வாசிப்பில் உரை எதையும் தொடாமல் கூற்று பிரிப்பதை மட்டும் செய்யுங்கள். உரைகளை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.