லெவ்வின் பழைய பெயரும் கூட இருந்து ஆடியவர்களும்

மழைத்தூறல்:
‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தை ஆடியவர்களுக்கு லெவ் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பெண்ணாக வளர்க்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து வாழும் சிறுவன் அவன். 2020-இல் அது வெளிவந்த வாரத்தில் நாங்கள் நான்கு நண்பர்கள் ஒரே கன்ட்ரோலரைக் கைமாற்றி இரவு முழுவதும் ஆடினோம். அவனைத் துரத்தும் செராஃபைட்டுகள் என்ற மதக்குழுவினர் லெவ்வின் பழைய பெயரைச் சொல்லிக் கத்தும் இடம் வந்தபோது கன்ட்ரோலர் என்னிடம் இருந்தது. அதன்பின் லெவ், அதைப் பற்றித் தன்னிடம் கேட்க வேண்டுமா என்று, அப்போது நாம் ஆடும் பாத்திரமான ஆபியிடம் கேட்கிறான், நான் கேட்க வேண்டும் என்று நீ விரும்புகிறாயா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள், இல்லை என்கிறான், அவளும் அத்தோடு விட்டுவிடுகிறாள். என் நண்பர்கள் விடவில்லை. “அப்படியானால் இது பெண்ணா?” என்று ஒருவர் கேட்டார், அதன்பின் விடியும்வரை மூவரும் லெவ்வை அந்தப் பழைய பெயராலேயே அழைத்தார்கள். அவர்கள் நல்லவர்கள், யாரையும் புண்படுத்த வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. ஆனால் நான் ஒரு திருநம்பி. அதை அன்றுவரை அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. எதிரி ஒருவன் நெருங்கி வந்தபோது, “அவளைக் காப்பாற்று” என்று நானும் ஒருமுறை சொன்னேன். என் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்தான் இன்றும் என்னை விடவில்லை.

கண்ணாடிச்சில்லு:
நண்பர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெயரை அவர்கள் கையில் கொடுத்தது கதையை எழுதியவர்கள்தான். ‘மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா’ 2017-இல் வெளிவந்த முதல் நாட்களில் நானும் என் துணைவியும் சேர்ந்து ஆடினோம், அவர் திருநங்கை. அதில் ஹெய்ன்லி ஏப்ரம்ஸ் என்ற திருநங்கை விஞ்ஞானி, முன்பின் தெரியாத நம்மிடம் முதல் பேச்சிலேயே தன் பழைய பெயரைச் சொல்லிவிடுகிறார். என் துணைவி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். “புதிதாகப் பார்ப்பவரிடம் எங்களில் யார் இதைச் சொல்வோம்?” என்று மட்டும் கேட்டார். பலர் இதையே எடுத்துச் சொன்னதால் தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அடுத்து வந்த பேட்ச் (கேமைத் திருத்தும் புதுப்பிப்பு) ஒன்றில் அந்த உரையாடலை மாற்றினார்கள். ஆகவே எதிர்ப்பு எல்லாம் வெறுப்பு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

நடுநிசி ஆட்டக்காரர்:
கண்ணாடிச்சில்லு அவர்களே, நீங்கள் சொல்வது ஆடியவர்களின் எதிர்ப்பு. நான் பார்த்தது வேறு. 2023 ஏப்ரலில் ‘ஹொரைஸன்’ கேமின் ‘பர்னிங் ஷோர்ஸ்’ என்ற கூடுதல் பகுதி வந்தபோது, என் அறையில் தங்கியிருந்தவர் கதாநாயகி ஏலாய், சேய்கா என்ற பெண்ணை முத்தமிடும் காட்சியைப் பத்து விநாடி வீடியோவாகப் பார்த்துவிட்டு, என் கண்ணெதிரே மெட்டாகிரிட்டிக் என்ற விமர்சனத் தளத்தில் பூஜ்யம் போட்டார். அந்த கேம் அவரிடம் இல்லவே இல்லை. அந்த முத்தமும் ஆடுபவர் தேர்ந்தெடுத்தால் மட்டுமே நடப்பது.

மழைத்தூறலுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கேம் வெளியான அன்றே மதிப்பெண்ணைப் பார்த்து மனம் உடைந்துபோகாதீர்கள். லெவ் வந்த அதே கேமுக்கு, யாரும் முடித்திருக்கவே முடியாத நேரத்தில் ஆயிரக்கணக்கான பூஜ்யங்கள் குவிந்தன. ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள்கூட வந்தன. மெட்டாகிரிட்டிக் அதே ஆண்டில் பயனர் விமர்சனங்களை வெளியீட்டுக்குப் பின் 36 மணி நேரம் நிறுத்திவைக்கத் தொடங்கியது. கேமுக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகக் கும்பலாக இடும் விமர்சனங்களை மொத்த மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை என்று கேம் விற்கும் தளமான ஸ்டீம் 2019-இலேயே அறிவித்துவிட்டது. அங்கே ஒவ்வொரு விமர்சனத்தோடும் அதை எழுதியவர் ஆடிய நேரம் தெரியும். முதலில் அதைப் பாருங்கள். நீங்களும் எழுதுங்கள், ஆனால் பாதியாவது ஆடிய பிறகு, எந்தக் காட்சி உங்களைத் தொட்டது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பொதுவான பாராட்டைவிட அதைத்தான் மற்றவர்கள் நின்று படிப்பார்கள்.

ஒற்றைக் காலணி:
மதிப்பெண்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அணியாகச் சேர்ந்து ஆன்லைனில் ஆடும் ‘ஓவர்வாட்ச்’ கேமில் சிமெட்ரா என்ற பாத்திரம் ஆட்டிசம் உள்ளவர் என்பதை 2017-இல் தயாரிப்பாளர்கள் உறுதிசெய்தபோது, எனக்கும் ஆட்டிசம் இருப்பதால், அன்றிலிருந்து அவரை மட்டுமே தேர்ந்தெடுத்து ஆடினேன். அப்போது ஒரு அணியில் ஆறு பேர். ஒரு தோல்விக்குப் பிறகு ஹெட்செட்டில் ஒருவர், “சிமெட்ராவை எடுக்கிறவனுக்கும் அவளைப் போலவே மூளை” என்றார். அதைவிட மோசமானதை நான் கேட்டதுண்டு. ஆனால் மற்ற நால்வருடைய மைக்கும் திறந்திருந்தது. ஒருவர் மூச்சுவிடுவதும் ஒருவருடைய மின்விசிறி சுழல்வதும் தெளிவாகக் கேட்டன. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஆட்டத்தில் நான் வேறு பாத்திரத்தை எடுத்தேன்.

மழைத்தூறல்:
விமர்சனம் எழுதுவது பற்றிச் சொன்னவருக்கு நன்றி. ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. ஒற்றைக் காலணி அவர்களே, உங்கள் அணியில் வாய்திறக்காமல் இருந்த அந்த நால்வரில் ஒருவனாகத்தான் அன்றிரவு நானும் இருந்தேன். என்னைப் பற்றி இப்போது நண்பர்களில் இருவருக்குத் தெரியும். போன வாரம் அந்த கேமை முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன். லெவ்வும் ஆபியும் பேசும் அந்த இடத்துக்குச் சற்று முன்னால் சேவ் செய்து நிறுத்தியிருக்கிறேன். அந்த இருவரும் வந்த பிறகுதான் தொடரப் போகிறேன்.